வீட்டுப் பத்திரத்தில் இல்லாத பள்ளிக்கூடம்

எல்லிகாட் சிட்டி,
மேரிலாந்து

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மீண்டும் காலை நடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். கயல்விழியும் மாப்பிள்ளையும் விர்ஜீனியாவை விட்டு எங்கள் ஹாவர்ட் கவுண்டிக்கே (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) வீடு வாங்கி வரப்போகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. "நல்ல பள்ளிக்கூடம் விழுகிற பக்கமாகப் பார்த்துச் சொல்" என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தின் கடைசியில், "எல்லாமே அரசுப் பள்ளிகள்தானே, எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனால் என்ன, பள்ளி எல்லையை மாற்றுவதற்கா உங்கள் ஊரில் அப்படிச் சண்டை போட்டார்கள்?" என்றும் கேட்டிருக்கிறாய். உன் இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் வசதி வந்ததும் மக்கள் என்ன செய்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ தலைமை ஆசிரியராக இருந்த பள்ளியிலிருந்தே ஒவ்வொரு ஜூன் மாதமும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போனவர்களை எண்ணி எண்ணி வருந்தியவன் நீ. இங்கே பெரும்பாலானோர் அரசுப் பள்ளியை விட்டுப் போவதில்லை. ஆனால் கட்டணம் கட்டாமலும் இருப்பதில்லை. அதை வீட்டு விலையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஒரே தெருவின் இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒரு பள்ளிக்கும் எதிர்ப்பக்கத்துப் பிள்ளை வேறொரு பள்ளிக்கும் போவது இங்கே சாதாரணம். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர், பாஸ்டன் புறநகர்களில் அப்படிப்பட்ட எல்லைக்கோட்டின் இரு ஓரங்களிலும் உள்ள வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டு, 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொடக்கப்பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அப்படிக் கொடுத்து வாங்கியவர், பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே வாங்கிவிட்டதாக நினைக்கிறார். எல்லையை மாற்றப்போகிறோம் என்று யாராவது சொன்னால், தன் காணியில் வேலி நகர்ந்தவரைப் போலக் கொதித்து எழுகிறார்.

மேரிலாந்தில் இந்தச் சண்டை வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒவ்வொரு சிற்றூருக்கும் தனிப் பள்ளி மாவட்டம் இருக்கிறது. பணக்கார ஊரும் ஏழை ஊரும் அடுத்தடுத்து இருந்தாலும் அவற்றின் பிள்ளைகள் வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் வருவதால், ஒன்றாகப் படிக்க வைப்பது பற்றிய பேச்சே எழுவதில்லை. டெட்ராய்ட் நகரத்தையும் அதைச் சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களையும் இணைத்து இனப் பிரிவினையை நீக்க ஒரு கீழ் நீதிமன்றம் முயன்றபோது, உச்ச நீதிமன்றம் 1974-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் தடுத்துவிட்டது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர், பக்கத்து பால்டிமோரில் பிறந்த தர்குட் மார்ஷல். 1954-ல் பள்ளிப் பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பை வழக்கறிஞராக வாதாடிப் பெற்றவரும் அவரே. மேரிலாந்தில் அந்தத் தடை இல்லை. இங்கே முழுக் கவுண்டியும் ஒரே பள்ளி மாவட்டம். மாநிலம் முழுவதற்கும் பால்டிமோர் நகரத்தையும் சேர்த்து 24 மாவட்டங்கள்தாம். எங்கள் ஹாவர்ட் கவுண்டியில் 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே கல்வி வாரியம். பணக்காரனும் ஏழையும் ஒரே வரைபடத்துக்குள் இருப்பதால் கோட்டை நகர்த்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வரைபடம் என்றேன். கவுண்டியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுக்குப் பாலிகன் என்று பெயர். எல்லை மாற்றம் வரும் ஆண்டுகளில் கோயிலில் சந்தித்தாலும் பிறந்தநாள் விருந்தில் சந்தித்தாலும், "உங்கள் பாலிகன் எங்கே போகிறது?" என்பதுதான் முதல் விசாரணை. வாரியத்தின் விதிமுறை மூன்றை முக்கியமாகப் பார்க்கச் சொல்கிறது: கட்டட இடவசதி, குடியிருப்புகளைச் சிதறடிக்காமல் இருப்பது, மாணவர்களின் சமூகப் பின்னணி. முதல் இரண்டைப் பேசும்போது கூட்டம் அமைதியாகத்தான் இருக்கும். மூன்றாவதைத் தொட்டால் அரங்கமே மாறிவிடும்.

2019-ல் நடந்ததும் அதுதான். கவுண்டிப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் மைக்கேல் மார்ட்டிரானோ அந்த ஆகஸ்ட் மாதம் சுமார் 7,400 பிள்ளைகளைப் பள்ளி மாற்றும் திட்டத்தை முன்வைத்தார். சில பள்ளிகள் நிரம்பி வழிந்தன, சிலவற்றில் இடம் காலியாக இருந்தது என்பது ஒரு காரணம். ஏழைப் பிள்ளைகள் சில பள்ளிகளில் மட்டும் குவிந்திருந்தது மற்றொன்று. இதே நேரத்தில் கவுண்டி மன்றத்தின் மூன்று உறுப்பினர்கள், பள்ளிகளில் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கத் திட்டம் தீட்டும்படி வாரியத்தைக் கேட்கும் தீர்மானம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். ஏழ்மையை இங்கே அளப்பது மதிய உணவை வைத்து. இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு பெறத் தகுதியுள்ள பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்பதே கணக்கு. கிளார்க்ஸ்வில் பக்கம் உள்ள ரிவர் ஹில் உயர்நிலைப் பள்ளியில் அப்போது அது 5 சதவீதத்துக்கும் கீழே. வைல்ட் லேக் உயர்நிலைப் பள்ளியில் 40 சதவீதத்துக்கும் மேல். இரண்டுக்கும் இடையே காரில் கால் மணி நேரம்கூட ஆகாது.

வைல்ட் லேக்கும் ரிவர் ஹில்லும் கொலம்பியா என்ற ஒரே நகரத்தின் பகுதிகள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற செய்தி. ஜேம்ஸ் ரௌஸ் என்பவர் எல்லா இனத்தாரும் எல்லா வருமானத்தாரும் அருகருகே வாழவேண்டும் என்றே திட்டமிட்டு 1967-ல் தொடங்கிய நகரம் அது. அதற்கு இரண்டே ஆண்டு முன்புதான், 1965-ல், இந்தக் கவுண்டியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த ஹாரியட் டப்மன் பள்ளி மூடப்பட்டது. 1954-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து 11 ஆண்டுகள் கழித்து! ரௌஸ் முதலில் கட்டிய பகுதிகளில் அடுக்குமாடி வீடும் தனிவீடும் கலந்திருந்தன. கடைசியாக எழுந்த ரிவர் ஹில்லில் பெரிய தனிவீடுகளே மிகுதி. யாரும் சட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. வீடுகள் கட்டப்பட்ட விதமே பிரித்துவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் பொது விசாரணை ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒவ்வொருவருக்கும் சில நிமிடம்தான். மணி அடித்ததும் அடுத்தவர். எதிர்த்துப் பேசியவர்களில் நம்மவரும் சீனரும் நிறையப் பேர். இரு தொழில்நுட்ப வேலைகளின் சம்பளத்தையும் போட்டு அந்தப் பள்ளிக்காகவே வீடு வாங்கியதாகச் சொன்னவர்கள், தூக்கம் குறையும், பேருந்துப் பயணம் நீளும், நண்பர்கள் பிரிவார்கள் என்று அடுக்கினார்கள். அவை பொய்யல்ல. அப்போது இங்கே உயர்நிலைப் பள்ளி காலை ஏழரை மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். பனிக்காலத்தில் இருட்டிலேயே பிள்ளை நிறுத்தத்தில் நிற்கவேண்டியிருந்தது. ஆனால் பிறகு ஒரு பெண் பேசினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், மருத்துவமனையில் துப்புரவு வேலை. "இத்தனை பேரும் எந்தப் பள்ளிக்கு வந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று சொல்கிறார்களோ, அங்கேதான் என் மகள் படிக்கிறாள். இவர்கள் சொல்வதையெல்லாம் அவளும் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். அவ்வளவுதான். மணி அடிப்பதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டார். வாரியத்துக்கும் மன்றத்துக்கும் வந்து குவிந்த கடிதங்களில் இனவெறியை மறைக்காமல் எழுதியவையும் இருந்தன என்று பின்னர் செய்தித்தாள்களில் வந்தது. பண்போடு பழகுவோம் என்ற பச்சை வில்லையைக் காரில் ஒட்டிக்கொண்டு திரிகிற கவுண்டி இது.

நவம்பர் 21 அன்று வாரியம் வாக்களித்து, ஏறத்தாழ 5,400 பிள்ளைகளை மாற்றுவது என்று முடிவு செய்தது. வழக்குகளும் தொடரப்பட்டன. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. அவ்வளவு போராட்டத்துக்குப் பிறகு புதிய பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் முதல் நாள் அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. படுக்கையறையில் உட்கார்ந்து மடிக்கணினித் திரையில்தான் பள்ளி மாறினார்கள். 2023-ல் ஜெசப்பில் கில்ஃபர்ட் பார்க் என்ற புது உயர்நிலைப் பள்ளி திறந்தபோது மீண்டும் கோடுகள் நகர்ந்தன. ஆக, எந்தக் கோடும் நிரந்தரமில்லை.

என் கருத்தை நீ கேட்பாய். கோட்டை மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். பள்ளியின் தரம் என்று வலைத்தளங்கள் பத்துக்கு இத்தனை என்று போடுகிற மதிப்பெண்ணில் பெரும்பகுதி பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும்தான் அளக்கிறது. ஆசிரியனாக இருந்த உனக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் கோட்டை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வதில் எனக்கு நிறைவில்லை. சில ஆண்டுகளில் வசதியுள்ளவர் வீடு மாறுவார். புதுக் குடியிருப்புகள் எழும். பழைய நிலை திரும்பும். மறுபடியும் பாலிகன் சண்டை. அதிலும் தொலைவுப் பயணத்துக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளே. தனிவீட்டுக்காரரிடம் வழக்கறிஞர் இருக்கிறார், அவர்களிடம் இல்லை.

பக்கத்து மாண்ட்கமரி கவுண்டி வேறு வழியில் போனது. புதிதாகப் பெரிய குடியிருப்பு கட்டுகிறவர் அதில் ஒரு பகுதியைக் குறைந்த வருமானத்தாருக்கு ஒதுக்கவேண்டும் என்று 1970-களிலேயே சட்டம் போட்டார்கள். அவற்றில் சில வீடுகளை அரசு வீட்டுவசதி அமைப்பே வாங்கி வாடகைக்கு விட்டது. குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது குலுக்கல் முறையில். ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பிள்ளைகள் 850 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010-ல் எழுதினார். வசதியானவர் நிறைந்த பள்ளிக்குப் போக வாய்த்த ஏழைப் பிள்ளைகள், கூடுதல் பணம் கொட்டப்பட்ட பள்ளிகளுக்குப் போன ஏழைப் பிள்ளைகளைவிட, தொடக்கப்பள்ளி முடிவதற்குள் கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதற்கு யாரும் எந்தக் கோட்டையும் மாற்றவில்லை. பேருந்தும் நீளவில்லை. பிள்ளை அந்தத் தெருவிலேயே குடியிருந்தான். எங்கள் கவுண்டியில் இதைப் பேசினால், பள்ளி எல்லைக் கூட்டத்துக்கு வந்த அதே கூட்டம், எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்கிற நில வகைப்பாட்டுக் கூட்டத்துக்கும் வந்து நிற்கும் என்பது வேறு விஷயம்.

இப்போது கயல்விழிக்குச் சொல்லவேண்டியது. வீட்டுத் தரகர்கள் பள்ளி மதிப்பெண்ணைக் காட்டி ஒரே பக்கமாக அழைத்துப் போவார்கள். அந்த மதிப்பெண்ணுக்காக ஐம்பதாயிரம், எழுபதாயிரம் டாலர் கூடுதலாகக் கடன் வாங்கவேண்டாம். பத்திரத்தில் வீடும் மனையும்தான் இருக்கும், பள்ளி இருக்காது. பேத்திக்கு இப்போது நான்கு வயது. அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போவதற்குள் அந்தக் கோடு எங்கே இருக்கும் என்று வாரியத்துக்கே தெரியாது. வைல்ட் லேக், ஓக்லண்ட் மில்ஸ் பக்கம் அளவான வீடுகள் கிடைக்கின்றன. மரங்கள் பழையவை, ஏரியைச் சுற்றி நடைபாதை உண்டு, நூலகமும் பக்கம். நம் ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளிகளைப் பற்றிக் கிசுகிசுப்பதைக் கேட்டு முடிவு செய்யாமல், ஒரு வேலை நாளில் பள்ளிக்கே நேரில் போய் வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்கச் சொல். மாப்பிள்ளை ரிவர் ஹில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாக நீ எழுதியிருந்தாய். அவர் ஒரு சனிக்கிழமை வரட்டும். இரண்டு பக்கமும் நானே காரில் சுற்றிக் காட்டுகிறேன். பிறகு அவர்கள் விருப்பம்.

நீ விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டாயா? அவர்கள் குடிபோகும் நேரத்தில் நீயும் இங்கே இருந்தால் நன்றாக இருக்கும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். பதில் எழுது.

என்றும் அன்புடன்,
சிவராமன்