படம் கேட்காதீர்கள்: தலைமை அலுவலகத்துக்கு ஒரு சேகர ஆயரின் திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான திருச்சபைத் தலைமை அலுவலக நிர்வாகிகளுக்கு,

ஸ்தோத்திரம். வீட்டுச் சந்திப்புக்குச் சான்றாகப் படம் எடுத்து ஏற்றச் சொல்லும் உங்கள் செயலியைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பது தலைப்பைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். என் சேகரத்தில், அதாவது என் பொறுப்பிலுள்ள சபைகளில், நான் செய்த வீட்டுச் சந்திப்புகளில் பாதிக்கு மேல் 'உறுதி செய்யப்படவில்லை', ஆகவே பயணப்படி நிறுத்திவைக்கப்படுகிறது என்று போன மாதம் கடிதம் அனுப்பினீர்கள். பயணப்படி வரும்போது வரட்டும். கேள்வி அது இல்லை.

கடிதம் வந்த மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. மணி பதினொன்று இருக்கும். குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊரிலிருந்து பேரன் போன் செய்தான். "ஆயா ஒரு மாதிரி இருக்குது, ஐயா வந்து ஜெபம் பண்ணணும்." வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு, ஒரே குண்டு பல்பு. மூச்சு மட்டும்தான் இருந்தது. ஆனால் விரல்கள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தன. ஐம்பது வருஷம் பீடி சுற்றிய கை. இலையில் தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுகிற அதே வரிசை. நினைவு போய்விட்டது, கை வேலையை விடவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தேன். என் உள்ளங்கைக்குள்ளும் அது ஒரு பீடியைச் சுற்றி முடித்தது.

அப்புறம் போனை எடுத்தேன். ஆயர் முகமும் நோயாளி முகமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், இடமும் நேரமும் அதிலேயே பதிவாக வேண்டும் என்பது உங்கள் விதி. பேரன் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னேன். அதுவரை அழுதுகொண்டிருந்த மகள் சட்டென்று எழுந்தார். "கொஞ்சம் இருங்க ஐயா, அம்மாவுக்குத் தலைய வாரிட்றேன்." சீப்பைத் தேடி எடுத்து வாரினார். வாயோரத்தை முந்தானையால் துடைத்தார். படம் எடுத்தோம். செயலி சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, 'முகம் தெளிவாக இல்லை, மீண்டும் முயற்சிக்கவும்' என்றது.

நான் மீண்டும் முயற்சித்தேன். குற்றம் உங்களுடையது மட்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மகளும் பேரனும் நானும் சேர்ந்து, சாகக் கிடக்கிறவரைக் கட்டிலோடு வெளிச்சத்துக்குத் திருப்பினோம். விடியற்காலை அந்த அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இரண்டாவது படம் ஏறிவிட்டது. அந்தச் சந்திப்பு உறுதி செய்யப்பட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே அம்மாவை இன்னொரு இயந்திரமும் தெரியாது என்று சொல்லியிருக்கிறது. ரேஷன் கடையில் விரலை வைத்தால் ரேகை விழாது. இலையிலும் தூளிலும் தேய்ந்த விரல். துடைத்து வை, தண்ணீர் தொட்டு வை, அடுத்த விரலை வை என்று அரை மணி நேரம் நிற்க வைப்பார்கள். இரண்டு தடவை நானே துணைக்குப் போயிருக்கிறேன். கடையில் ரேகை தெரியவில்லை, கட்டிலில் முகம் தெரியவில்லை. அரசாங்கத்துக்கு அரிசிக் கணக்கு வேண்டும், சரி. நமக்கு என்ன கணக்கு?

தொழில்நுட்பம் பிடிக்காத பழைய காலத்து ஆள் என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு முதலில் தேடிய பொருள்களில் ஒன்று அச்சு இயந்திரம். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிக் கைக்கு வந்தது. கொரோனா சமயத்தில் பூட்டிய ஆலயத்திலிருந்து போன் வழியாகத்தான் ஆராதனை நடத்தினேன். துபாயில் இருந்த ஒரு மகன் தகப்பனின் அடக்கத்தை வீடியோவில் பார்க்க, கல்லறை ஓரத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றதும் நான்தான். அன்றைக்குப் போன் தேவைப்பட்டது அந்த மகனுக்கு. செவ்வாய்க்கிழமை இரவு அது தேவைப்பட்டது உங்களுக்கு.

மகளைச் சாகக் கொடுத்த யவீருவின் வீட்டுக்கு ஆண்டவர் இயேசு போனதை நீங்களும் பிரசங்கித்திருப்பீர்கள். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீஷரையும் மட்டும் உள்ளே சேர்த்தார். பிள்ளை எழுந்த பிறகு, யாருக்கும் தெரியக் கூடாது என்று கட்டளையிட்டார். உங்கள் செயலியில் அதுவும் உறுதி செய்யப்படாத சந்திப்புதான். அவருக்குப் பயணப்படி கிடையாது. தாவீது ராஜா ஜனத்தை எண்ணச் சொன்னபோது வேண்டாம் என்று அவருடைய படைத்தலைவன் யோவாப் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் என்று கணக்கு வந்தது, பின்னாலேயே கொள்ளைநோயும் வந்தது. உங்கள் அலுவலகத்தில் ஒரு யோவாபாவது இருப்பார் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஆற்காட்டுப் பகுதியில் ஒரு வீட்டின் உள்ளறைக்குள் நுழைவது லேசான காரியம் இல்லை. ஐடா ஸ்கடரின் கதையை வேலூரில் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையில் இருக்கிற மனைவியை ஆண் மருத்துவர் பார்க்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அதைப் பார்த்த ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து வந்து, 1900இல் வேலூரில் ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. உயிரே போனாலும் உள்ளே விடாத வீடுகள் இருந்த மண் இது. இங்கே ஓர் ஆயரைச் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலுக்கே வரவிடுகிறார்கள். அவர் கண்டதை வெளியே கொண்டுபோக மாட்டார் என்ற நம்பிக்கையில் விடுகிறார்கள். நான் அதைக் கொண்டுபோய் உங்கள் கணினியில் ஏற்றியிருக்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். அவர்கள் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்?

இன்னும் சொல்லப்போனால் எத்தனையோ இருக்கிறது. விடிந்தும் விடியாமல் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ போட்ட வசனம் நாற்பது வருகிறது, அனுப்பிய நாற்பது பேரில் ஞாயிறு ஆராதனைக்கு நேரத்துக்கு வருவது ஆறு பேர். பீடத்துக்குப் பின்னால் எல்.இ.டி. திரை கட்டப் பணம் இருக்கிறது, உபதேசியார் வீட்டுக் கூரை மட்டும் மூன்று மழையாக ஒழுகுகிறது. அணைக்கட்டு பக்கத்து மலைக் கிராமத்தில் ஊழியம் செய்கிற என் நண்பர், படம் ஏற்ற டவர் கிடைக்கிற பாறை வரைக்கும் நடந்துபோய் ஏறி நிற்கிறார். மோசே மலையேறியதும் சிக்னலுக்காகத்தான் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

நான் தாழ்மையுடன் கேட்பது இதுதான். நோயாளியின் படுக்கை, துக்க வீடு, குடும்பப் பிரச்சினைக்கு ஆலோசனை சொல்லப் போகிற வீடு, இந்த மூன்றிலும் படம் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் முன்பு போல சந்திப்புப் பதிவேட்டைக் கேளுங்கள், தேதியும் ஊரும் எழுதித் தருகிறோம். அதிலும் திருப்தி இல்லையென்றால் அந்த வீட்டாரிடமே விசாரியுங்கள். ஆயர் வந்தாரா இல்லையா என்று ஊரே சொல்லும், வராவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்லும். ஆனால் படம் மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த அம்மாவின் படத்தை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். உங்களிடம் இருப்பதை அழிக்க என்னால் முடியாது, நீங்கள்தான் தயவுசெய்து அழிக்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை மாலை அந்த வீட்டில் முப்பதாம் நாள் ஜெபம். அடக்கத்தன்றே மகள் கேட்டார்: "அந்தப் போட்டோ எங்க போச்சு ஐயா?" ஜெபத்துக்குப் போகும்போது அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமைக்குள் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

கர்த்தருடைய பணியில்,
ஒரு கிராமச் சேகர ஆயர்,
குடியாத்தம் வட்டாரம்