வாரியர் கப்பலின் இன்ஜின்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1860இல் நீரில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படையின் 'வாரியர்' போர்க்கப்பலைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். கவசத் தகட்டையும் பீரங்கிகளையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அந்தப் பெரிய இரும்புக் கப்பலை ஓட்டிய இன்ஜின் யாருடைய பட்டறையில் உருவானது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பணிக்காலம் முழுவதையும் இன்ஜின் அறையில் கழித்தவன் என்பதால் அந்த விடுபடல் மனத்தை உறுத்தியது.

அந்த இன்ஜினைச் செய்தது லண்டனின் கிரீனிச் பகுதியில் இருந்த ஜான் பென் அண்டு சன்ஸ் நிறுவனம். தந்தை தொடங்கிய பட்டறையைக் கப்பல் இன்ஜின் தொழிலில் முன்னணிக்குக் கொண்டுவந்தவர் மகன் ஜான் பென் (1805–1878). கடற்படையின் 'பிளாக் ஈகிள்' கப்பலில், எடையும் இடமும் கூடாமலே இரு மடங்கு திறனுள்ள இன்ஜினை 1844இல் பொருத்திக் காட்டினார். அடுத்து வந்தது அவருடைய டிரங்க் இன்ஜின். பிஸ்டனோடு சேர்ந்த உள்ளீடற்ற அகன்ற குழாய்க்குள்ளேயே கனெக்டிங் ராடு (பிஸ்டனின் அசைவைச் சுழலும் தண்டுக்குக் கடத்தும் கம்பி) இணைக்கப்பட்டதால் இன்ஜினின் நீளம் குறைந்தது. எனவே அதை நீர்மட்டத்துக்குக் கீழே, எதிரியின் குண்டு எட்டாதபடி, படுக்கைவசத்தில் வைக்க முடிந்தது. வாரியரில் இருந்ததும் இந்த வகைதான். ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டன் ஈடுபட்ட கிரிமியப் போரின்போது (1853–56), மாதிரி இன்ஜின்களைக் கழற்றி அவற்றின் பாகங்களைப் பல பட்டறைகளுக்கு அனுப்பி, அச்சுப் பிசகாமல் செய்து வாங்கி, 90 பீரங்கிப் படகுகளுக்கு இன்ஜின் கொடுத்த நிறுவனமும் இதுவே.

ஆயினும் என் மதிப்பில் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது 1854இல் பென் செய்த ஒரு சிறிய மாற்றம். புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு கப்பலின் பின்புறத்தை விட்டு வெளியேறும் இடத்தில் அக்காலத்தில் அதைத் தாங்கிய உலோக பேரிங்குகள் மிக விரைவில் தேய்ந்து, தண்டு ஆட்டம் கண்டுவிடும். அங்கே லிக்னம் வைட்டே என்னும் மரத்தின் பட்டைகளைப் பதித்து, கடல்நீரையே உயவாகப் பாய விட்டார் அவர். நான் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய கப்பலை டிரை டாக்கில் (நீரை வடித்துப் பழுதுபார்க்கும் துறையில்) ஏற்றி, புரொப்பல்லர் பொருத்திய கடைசித் தண்டான டெயில் ஷாஃப்டை உருவியபோது அந்தப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்: கரும்பச்சை நிறம், மெழுகு தடவியது போன்ற வழவழப்பு, மரம் என்று நம்ப முடியாத கனம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். நூற்றாண்டுக்கும் மேலாகக் கடலோடிகள் நிம்மதியாகப் பயணம் செய்ததில் அந்த மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1899இல் பென்னின் நிறுவனம், வாரியரைக் கட்டிய தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸுடன் இணைந்தது. 1912இல் அதுவும் மூடப்பட்டது. இன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கும் வாரியரில் பார்வையாளர்கள் காண்பது இன்ஜினின் மாதிரியைத்தான். கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமாயின், அதில் ஜான் பென்னின் பெயரையும் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர்,
தூத்துக்குடி