பிள்ளைகளோடு வரும்போது ராமநாதபுரத்தில் இறங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். மருமகளும் பிள்ளைகளும் சுகமா? பெரியவளுக்கு இருமல் நின்றதா என்று அடுத்த முறை பேசும்போது சொல்.

லீவில் வரும்போது பிள்ளைகளை ஒரு நாள் எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டாய். அப்பா உடனே கொடைக்கானல் என்றார். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், எழுதினால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது. தம்பி, மலை எங்கேயும் போகாது. இந்தத் தடவை பிள்ளைகளுக்கு ராமநாதபுரம் அரண்மனையைக் காட்டு, அப்படியே தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போ. காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் விவரம் சொல்ல ஓர் ஆள் கட்டாயம் கூட வரவேண்டும். நானும் அப்பாவும் தெருக்காரர்களோடு வேன் பேசி, ஒரு வழிகாட்டித் தம்பியையும் வைத்துக்கொண்டு போய்வந்தோம். வந்ததிலிருந்து எனக்கு உன் பிள்ளைகள் நினைப்புதான்.

அந்தத் தம்பி முதலில் எங்களை நிறுத்தியது நம்ம மதுரை நாயக்கர் மஹால் வாசலில். விடியவே இல்லை, கேட் பூட்டியிருந்தது. "நீங்க தினமும் கடந்து போற இடம்தான், இருந்தாலும் பத்து நிமிஷம் குடுங்க" என்றார். திருமலை நாயக்கர் 1636இல் கட்டியது, இன்றைக்கு நிற்பது முன்னே இருந்ததில் கால் பங்குதான், பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பிரித்துக்கொண்டு போனது போக மிச்சம், இதெல்லாம் எனக்கும் தெரியும். விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் நிற்கிற பத்துத் தூணும் இதே அரண்மனையைச் சேர்ந்ததுதான் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன அடுத்த கதையை நான் இப்படிச் சேர்த்து யோசித்ததில்லை. நாயக்கர் வயதாகி நோயில் படுத்திருந்த காலத்தில் மைசூர்ப் படை மதுரை மேல் வந்தது. அப்போது ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதிதான் மறவர் படையைத் திரட்டிக்கொண்டு வந்து விரட்டியிருக்கிறார். அதற்கு நன்றியாகத்தான் மதுரையில் நடந்ததைப் போலவே ராமநாதபுரத்திலும் நவராத்திரி விழா எடுக்கும் உரிமையை நாயக்கர் கொடுத்தாராம். "இந்த மஹாலைக் காப்பாத்தின வீட்டைத்தான் இப்போ பார்க்கப் போறோம்" என்று சொல்லி வேனில் ஏற்றினார். ஓர் அரண்மனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறோம் என்ற நினைப்பே வழியெல்லாம் கூட வந்தது.

வழியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். பரமக்குடியில் இட்லி சாப்பிட்டோம். வைகை நம்மோடு கூடவே வருகிறது, பெரும்பாலும் மணலாக. ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வந்து நிறைக்க வேண்டிய ஆறு அது. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ராமநாதபுரத்துக்கு மதுரையிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நம் வீட்டில் யாருக்கும் அது பஸ் நிற்கிற ஊர், டீ குடிக்கிற ஊர். ராமேஸ்வரத்துக்குப் போகிற அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். எங்கள் வேனிலேயே இரண்டு பேர், "அரண்மனை எதுக்கு, நேரே கடலுக்குப் போவோம்" என்றார்கள். வழிகாட்டித் தம்பி விடவில்லை. நீயும் விடாதே. ஒருநாள் பயணம் என்று விலை சொல்கிறவர்கள் முதலில் கழித்துக்கட்டுவது இந்த அரண்மனையைத்தான்.

ராமலிங்க விலாசம் என்று பெயர். வெளியே நின்று பார்த்தால் ஆடம்பரமாகத் தெரியாது. கனத்த சுவர், உயர்ந்த மேடை, படி ஏறி உள்ளே போனால் தூண் வரிசை. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். 1710இல் அவர் காலமான பிறகு பட்டத்துக்கு வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில்தான் சுவர் முழுக்க ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். முழுக்க என்று சொன்னால் முழுக்கத்தான் தம்பி. சுவர், வளைவு, மேலே விதானம், கண் போகிற இடமெல்லாம் படம். காவிச் சிவப்பும் மஞ்சளும் கருப்புக் கோடும். ராமாயணம் ஒரு பக்கம், பாகவதம் ஒரு பக்கம். தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு சுவரில். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் ராஜாவைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து சேதுபதி செங்கோல் வாங்குகிறார்.

நான் ஒரு படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அந்தப்புரத்துப் பெண்கள் கூட்டமாக இருக்கிற படம். ஒவ்வொரு சேலையிலும் வேறு வேறு கட்டம், வேறு வேறு கோடு. ஒருத்தி சேலை மாதிரி இன்னொருத்திக்கு இல்லை. எழுதினவன் தறிக்காரர்கள் தெருவில் வளர்ந்தவனாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. சில இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து முகம் போய்விட்டது, சேலைக் கரை மட்டும் நிற்கிறது. தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது, இருந்தும் முந்நூறு வருஷத்து உப்புக்காற்று லேசில் விடாது. பிள்ளைகளைச் சீக்கிரம் கூட்டிவா என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவள் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்றாய் அல்லவா, படங்களோடு தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய எழுத்துதான், ஆனாலும் ஒன்றிரண்டு எழுத்தையாவது அவள் கண்டுபிடிப்பாள். சிங்கப்பூரில் அவள் படிக்கிற பாஷை இங்கே ஒரு ராஜா வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று அவளே பார்க்கட்டும்.

இன்னொன்று. இத்தனை வருஷம் வகுப்பில் கட்டபொம்மன் பாடம் நடத்தியவள் நான். கலெக்டர் ஜாக்சன் கப்பப் பாக்கிக்காக அவரை வரச்சொல்லிவிட்டு, குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தான். உட்காரச் சொல்லாமல் மூன்று மணி நேரம் நிற்கவைத்தே பேசினான். அது நடந்த இடம் இந்த ராமலிங்க விலாசம். வழிகாட்டித் தம்பி அதைச் சொல்லிவிட்டு, "எல்லாரும் அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்க, சுவரில் சாயாதீங்க" என்றார். அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது, என் முழங்கால் வலித்தது. மூன்று மணி நேரம்! பாளையக்காரர் ஒருவரை, அவருடைய ஆட்கள் பார்க்க! அதன் பிறகு கோட்டை வாசலில் கைகலப்பாகி லெப்டினன்ட் கிளார்க் செத்ததும், கட்டபொம்மன் தப்பியதும், செயலாளர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டதும், மறு வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கும். பரீட்சைக்கு எழுத வைத்தோமே அந்தத் தேதிகளை, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னவனுக்கு அஞ்சு வயசுதான், இருந்தாலும் அவனையும் நிற்கவைத்துச் சொல். புரியும்.

அரண்மனைக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கு. அங்கிருந்து பாம்பன் ஒரு மணி நேர ஓட்டம். விவேகானந்தரைச் சிகாகோ போகத் தூண்டிய பாஸ்கர சேதுபதி, 1897 ஜனவரியில் அவர் திரும்பிவந்து பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்ற கதையை வேனில் சொன்னார்கள்.

பாம்பனில் ரோட்டுப் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்தக்கூடாது, ஆனாலும் நிறைய பேர் நிறுத்துகிறார்கள். நீ நிறுத்தச் சொல்லாதே, பிள்ளைகளோடு அந்தக் காற்றில் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் போனாலே இரண்டு பக்கமும் தெரியும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வந்தால் நடுவில் இரண்டு பக்கமும் ஆட்கள் கையால் நெம்பித் திறப்பார்கள், அது உனக்கு ஞாபகம் இருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. சின்னவனுக்கு இதுதான் பிடிக்கப்போகிறது.

ராமேஸ்வரத்தில் நாங்கள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம், உள்ளே போகவில்லை. இருபத்திரண்டு தீர்த்தமும் சாமி தரிசனமும் தனியாக ஒரு நாள் வேண்டும். அதையும் இதில் சேர்த்தால் எல்லாமே ஓட்டமாகிவிடும். கோயிலுக்கு நானே உங்களை இன்னொரு நாள் கூட்டிப்போகிறேன். போகிற வழியில் பேக்கரும்பில் கலாம் ஐயா நினைவிடத்தில் மட்டும் இறங்கிவிட்டுத் தனுஷ்கோடி ரோட்டைப் பிடித்தோம்.

தம்பி, அந்த ரோடு 2017இல்தான் அரிச்சல்முனை வரை போட்டது. அதற்கு முன் மணலில் ஜீப்பும் வேனும்தான். இப்போது கடைசி வரை காரே போகிறது. ஒரு பக்கம் பெண் கடல், அலையே இல்லை, பச்சையாகக் கிடக்கிறது. மறு பக்கம் ஆண் கடல், இரைந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ரோடும் கொஞ்சம் மணலும், அவ்வளவுதான் நிலம். பெண் கடல், ஆண் கடல் என்பது அங்கத்து ஜனங்கள் சொல்கிற பெயர்.

உனக்கு என் பெரியப்பா கதை தெரியும். கொழும்பில் கடையில் கணக்கு எழுதினார். அவர் போட் மெயிலில் வந்து தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிப் போனவர். மெட்ராஸில் எடுத்த ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும் என்று பெருமையாகச் சொல்வார். அந்த ஸ்டேஷன் இப்போது இரண்டு மூன்று சுவர். நான் அந்த வளைவுக்குள் போய் நின்றேன். பெட்டியும் கையுமாக அவர் இங்கேதானே நின்றிருப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் சர்ச்சின் சுவர். கிட்டப்போய்ப் பார்த்தால் செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். கல்லுக்குள் சின்னச் சின்ன நட்சத்திரமாகக் குழிக்குழியாக இருந்தது. விரலை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது. பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல், பெயர்த்தெடுக்க விடாதே.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் போன ஊர் இது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்று, டிரைவர் விசில் கொடுத்துவிட்டு எடுத்திருக்கிறார். அலை மொத்த ரயிலையும் கொண்டுபோய்விட்டது. நூறு பேருக்கு மேல், ஒருத்தரும் மிஞ்சவில்லை. அதற்கப்புறம் அரசாங்கம் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது. ஆனால் மீன்பிடிக்கிற ஜனங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். குடிசை ஓரத்தில் ஒரு அம்மா மணலில் தோண்டிய குழியில் உட்கார்ந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார். இருபுறமும் கடல், இந்தத் தண்ணீரில் உப்பே இல்லை! பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீருக்கு மேலே தங்கிக்கொள்கிறது, ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும், அதனால் கையாழம்தான் தோண்டுவோம் என்றார். சேதுவுக்குப் போகிற யாத்திரைக்காரர்களைக் காப்பதுதான் சேதுபதிகளின் பொறுப்பு என்று காலையில் அரண்மனையில் கேட்டிருந்தேன். ரோடு இல்லாத காலத்தில் இந்த மணலில் நடந்துவந்தவர்களுக்கு நிழலும் தண்ணீரும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் எனக்கு விளங்கியது. அதனால்தான் சொல்கிறேன், அரண்மனை முதலில், கடல் பிறகு. மாற்றிவிடாதே.

அரிச்சல்முனையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதே. இரண்டு கடலும் சேருமிடம், நீரோட்டம் காலை வாரும். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இருட்டுவதற்குள் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும், அதற்கேற்ற மாதிரி மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்.

டிசம்பர் முதல் பாதி மழைக்காலம், புயல் சின்னம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடைசி வாரம் வைத்துக்கொண்டால் நல்லது. வழிகாட்டித் தம்பியின் நம்பர் அப்பாவிடம் இருக்கிறது. அரண்மனை எந்தக் கிழமை பூட்டியிருக்கும் என்று அவரிடமே கேட்டுச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தொப்பி எடுத்துவா. அங்கே மர நிழல் கிடையாது. தண்ணீரும் புளியோதரையும் நான் கட்டித் தருகிறேன். மருமகளிடம் பேசிவிட்டுத் தேதியை மட்டும் சொல்லிவிடு, வேன்காரரிடம் இப்போதே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். நானும் அப்பாவும் கூட வருகிறோம்.

அன்புடன்,
அம்மா