எள்ளும் கொள்ளும்

பள்ளிகொண்டா
மார்கழி 12

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் போடாததற்கு இந்நேரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். காரணம் ஒரு குதிரை. சிரிக்காதே, நிஜமாகவே குதிரைதான்.

முதலில் உன் சங்கதி. டைபாய்டில் எட்டுக் கிலோ இறங்கிவிட்டாய், தங்கச்சி ஆட்டுக்கால் சூப், நாட்டுக்கோழி, நெய் என்று திணித்துப் பார்க்கிறாள், ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குள் கடையில் போய் உட்காரவும் அவசரப்படுகிறாய். இந்த அவசரத்தோடுதான் நான் ஆடி மாதத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் அக்கா மகன் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் வண்டி வாடகைக்கு விடுகிறான், தெரியுமல்லவா? ஆடிக் கடைசியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனான். மார்வாரி, கத்தியவார் என்று வந்து நின்ற பெரிய குதிரைகளின் விலை கேட்டு மயக்கம் போட்டு, கடைசியில் ஒரு மட்டக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். சிவலை நிறம், பெண் குதிரை. சுழி சுத்தமாம். 'தண்ணி மாறினதில் கொஞ்சம் வாடியிருக்கு, ஒரு மாசம் கொள்ளு வெச்சா தேறிடும்' என்றானாம் விற்றவன். இவன் அதை நம்பி, வீடு வந்து சேருமுன்னே ஆம்பூரில் ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்பணமும் வாங்கிவிட்டான்.

வண்டியிலிருந்து இறக்கும்போது நானும் நின்றிருந்தேன். விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். முதுகெலும்பு கொடிக்கயிறு மாதிரி தூக்கி நிற்க, இரண்டு பக்கமும் தோல் துணி போலச் சரிந்திருந்தது. வாலடியில் இரு பக்கமும் குழி. கழுத்து மெலிந்ததில் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பெயர் ராணியாம்.

அப்பா காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினவர் என்பதால் எனக்குக் குதிரை சாஸ்திரம் முழுக்கத் தெரியும் என்று இந்தத் தெருவே நம்புகிறது. உண்மை உனக்குத்தான் தெரியும். பின்பலகையில் தொங்கிக்கொண்டு வந்ததோடு சரி, நம் இருவர் ஞானமும். அப்புறம் அந்தச் சலங்கை. குதிரைக் கழுத்திலிருந்து கழற்றி நீ உன் வீட்டு ஆட்டுக்குட்டிக்குக் கட்டினாய். அடி வாங்கினவன் நான்.

இளைத்த குதிரை ஒன்று தெருவில் நின்றால் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒருவர் முட்டை உடைத்து ஊற்று என்றார், ஒருவர் பேரீச்சம்பழம், ஒருவர் பீர். பீர் சொன்னவர் வாங்கிக் கொடுக்கவும் தயாராக இருந்தார், யாருக்கு என்றுதான் தெரியவில்லை. அக்கா மகன் தொட்டி நிறைய வைக்கோலைப் போட்டு, வேளைக்கு இரண்டு படி ஊறவைத்த கொள்ளையும் வைத்தான். இருபது நாள் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை.

அப்போதுதான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. லத்தி கொட்டுகிற குழியில், மழை பெய்த மூன்றாம் நாள், பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. குனிந்து பார்த்தால் கொள்ளுச் செடி! வாயில் போனது அரைபடாமல் முழுசாக வெளியே வந்து, குழியில் விழுந்து பயிராகியிருக்கிறது. இன்னொன்று தொட்டியடியில் கிடந்தது. பாதி மென்ற வைக்கோல், உருண்டை உருண்டையாக, வெற்றிலைச் சக்கையைத் துப்பினது போல. கையில் எடுத்துப் பிரித்தேன். ஈரமாக, நார் நாராக வந்தது. வாய்க்குள் ஏதோ கோளாறு என்று எனக்கே புரிந்துவிட்டது.

கால்நடை மருத்துவர் வந்தார். சின்ன வயசு, பேச்சு குறைவு. தீனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் முதலில் ரத்தம் எடுத்தார். சர்ரா என்று ஒரு நோய் உண்டாம். மாட்டு ஈ கடிப்பதில் பரவி, ரத்தத்தில் கிருமி ஓடி, காய்ச்சல் வந்து வந்து போய்க் குதிரையை உருக்கிவிடுமாம். அது இல்லை என்று வந்தது. லத்தியில் புழு முட்டை நிறைய இருந்தது. அப்புறம் மயக்க ஊசி போட்டு, வாயை இரும்புச் சட்டத்தால் திறந்து வைத்து, டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கருக்கரிவாள் மாதிரி கூர்கூராக நிற்கிறது. கன்னத்தின் உள்பக்கம் அதில் உரசி உரசிப் புண். குதிரைப் பல் ஆயுசுக்கும் மேலேறி வந்துகொண்டே இருக்கும். தீனியை மென்று மென்று தேயும். மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல் என்பதால் மேல் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் மட்டும் தேயாமல் கூராகி நிற்குமாம். நீளமான அரம் வைத்து அரை மணி நேரம் ராவினார். தச்சுப் பட்டறைச் சத்தம்தான். எனக்குப் பல் கூசிற்று. ஒரு வாரத்தில் தொட்டியடியில் சக்கை விழுவது நின்றது.

புழு மருந்தை உடனே கொடுக்கவில்லை. 'கொஞ்சம் தெம்பு வரட்டும், எடை தெரியாமல் கொடுக்கக் கூடாது' என்றார். எடைக்கு எங்கே போவது? அக்கா மகன் கரும்பு லாரி நிறுக்கிற எடைமேடைக்கு ஓட்டிப்போனான். அது இருபது இருபது கிலோவாகத் தாவித் தாவிக் காட்டியது, எடைபோடுகிறவர் சிரித்துவிட்டார். தையல்காரர் டேப்பே போதும் என்றார் டாக்டர். முன்னங்கால் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை ஓர் அளவு. சென்டிமீட்டரில் எடுத்து, நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை. நெஞ்சு 142, நீளம் 138. கணக்குப் போட்டால் 234 கிலோ. பழைய காலண்டர் பின்பக்கத்தில் எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டினேன்.

எடையைவிடக் கையை நம்புங்கள் என்று இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். கையை இறுக மூடி, விரல் கணுக்களின் மேல் மற்றக் கையால் தடவிப் பார். குதிரையின் விலா அப்படிக் கரடாகத் தட்டினால் அது ரொம்ப இளைத்தது. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவு. எலும்பு இருப்பது தெரியும், உறுத்தாது. விலா அப்படி இருந்தால் சரி. டெக்சாஸில் ஹென்னிக் என்பவர் 1983-இல் இதற்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் வகுத்து வைத்திருக்கிறாராம். 5 வந்தால் நல்ல உடம்பு. ராணிக்கு 2 போட்டார்.

இனிமேல் சொல்வதைத் தங்கச்சிக்கும் படித்துக் காட்டு. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று தானியத்தை ஏற்றினால், இன்சுலின் குபீரென்று சுரந்து, ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சம் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அதில் இதயம் தடுமாறும். தேறப்போகிறது என்று நாம் நினைக்கிற அந்த முதல் பத்து நாளில்தான் பட்டினி கிடந்த குதிரை செத்துப்போகிறதாம். அதனால் கொள்ளு முழுக்க நிறுத்தம். புல் மட்டும், அதையும் ஆறு வேளையாகப் பிரித்து. 'எள்ளு இளைத்தவனுக்கு, கொள்ளு கொழுத்தவனுக்கு என்று நம் பாட்டி சும்மாவா சொன்னாள்?' என்றேன். கேட்ட அக்கா மகன் முகத்தில் எள்ளும் கொள்ளும் சேர்ந்தே வெடித்தது. மூட்டைக் கணக்கில் கொள்ளு வாங்கி வைத்திருக்கிறான், பாவம்.

ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்காவது காய்ந்த கணக்கில் உள்ளே போக வேண்டும். ராணிக்கு ஐந்து கிலோ என்று வை. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அதையே பச்சையாக அறுத்தால் இருபது கிலோவுக்கு மேல். வரப்பு வரப்பாக அருகம்புல் அறுத்து என் இடுப்பு போயிற்று. குதிரைமசால் என்கிற லூசர்ன் தீவனம் கிடைத்தால் நல்லது என்றார் டாக்டர்; பட்டினியிலிருந்து மீள்கிற குதிரைக்கு அதுதான் முதல் தரமாம். அணைக்கட்டு ஊர்ப் பக்கம் தேடிப் போனேன். ஒருவர் 'இருக்கே' என்று ஒரு கட்டு தூக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வேலிமசால், ஆட்டுக்குப் போடுவது. அடுத்த வாரம் இன்னொருவரிடம் அரை ஏக்கர் நிஜக் குதிரைமசால் அகப்பட்டது. பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு அதையும் அவர் ஆட்டுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்!

வைக்கோலை அடியோடு விட்டோம். சத்து கிடையாது, மெல்ல முடியாத குதிரைக்குக் குடலில் அடைத்து வயிற்றுவலியும் வரும். புல்லைத் தரையில் போடுவதையும் நிறுத்தித் தொட்டியில் வைத்தோம். நம் பாலாற்றங்கரை மண் உனக்குத் தெரியுமே. புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்துவிடும். லத்தியில் ஐந்தாறு உருண்டையைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் தங்கியது. தொட்டி வைத்துப் பத்து நாள் கழித்து மறுபடி கலக்கினேன். சும்மா ஒரு கோடு மாதிரிதான் இருந்தது.

ஆவணி முகூர்த்தம்? முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். அக்கா மகன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. என் அக்கா, 'உனக்கென்னடா, பென்ஷன் வருது' என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடன் வாங்கி வாங்கின குதிரை. ஆனால் எலும்பின் மேல் சேணப்பட்டையை வைத்தால் ஒரே ஊர்வலத்தில் தோல் உரிந்து, அந்தப் புண் ஆறுவதற்குள் அடுத்த ஆடியே வந்துவிடும்.

புரட்டாசியிலிருந்து கோதுமைத் தவிடும் அவித்த கொள்ளும் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தோம். தவிடு அதிகமானால் கால்சியம் குறைந்து முகத்தெலும்பு வீங்கும் என்பதால் கணக்காகத்தான். தவிட்டெண்ணெய் முதலில் இரண்டு கரண்டி, ஐப்பசியில் 100 மில்லி வரை. குதிரைக்குப் பித்தப்பையே கிடையாதாம், எண்ணெய்க்குப் பழகக் குடலுக்கு நாள் பிடிக்கும். ஒரு கல் உப்புக் கட்டி தொங்கவிட்டோம், நக்கி நக்கிச் சிலை செதுக்கினது போல ஆக்கிவிட்டது. ஐப்பசியில் வேர்க்கடலைக் கொடி சும்மாவே கிடைத்தது. ஆனால் மழையில் நனைந்து உள்ளே கறுத்திருந்தது. பூசணம் பிடித்ததைக் குதிரைக்குப் போடவே கூடாது. நல்லதாகப் பொறுக்கினதில் நாலில் ஒரு பங்குதான் தேறிற்று.

நேற்று டேப் வைத்தேன். நெஞ்சு 151. கணக்குப்படி 265 கிலோ. டாக்டர் நாலரை மதிப்பெண் போட்டார். விலா கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிகிறது. தோலில் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பு.

ஆனால் இது வெறும் கொழுப்பு. வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் பாய்ந்து நிற்கிற குதிரை மாதிரி பின்தொடை இப்போதே வேண்டும் என்கிறான் அக்கா மகன். தீனியில் கொழுப்பு வரும், சதை நடையில்தான் வரும். கார்த்திகையிலிருந்து விடிகாலையில் கையில் பிடித்தபடி ஏரிக்கரை மேல் கெட்டித் தரையில் கால் மணி நேரம் நடத்தினோம். ஆற்று மணலில் வேண்டாம், தசைநார் இழுத்துவிடும். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டி, இப்போது முக்கால் மணி. பனியில் அது பாட்டுக்குக் காதை விடைத்துக்கொண்டு போகிறது, என் மூட்டுதான் கெஞ்சுகிறது. அப்புறம் ஒரு வாரம் வெறும் பட்டையைக் கட்டி நடை. பழைய பட்டை இப்போது மார்பில் இறுகியது, இரண்டு துளை தள்ளிப் போட்டோம்.

முந்தாநாள் காலி வண்டியைப் பூட்டினோம். நுகக்கால் விலாவில் பட்டதும் நடுங்கி நின்றது. அக்கா மகன் சாட்டையைத் தேடினான், நான் முறைத்தேன். கொஞ்சம் குதிரைமசாலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். நாலு அடி, பத்து அடி, அப்புறம் ரங்கநாதர் கோயில் தெரு முனை வரை வந்துவிட்டது. பட்டையை அவிழ்த்து உள்ளங்கையால் முதுகைத் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை, முடி கலையவில்லை.

தை மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். கோயிலிலிருந்து மண்டபம் அரை கிலோமீட்டர்கூட இல்லை, பொண்ணு மாப்பிள்ளை மட்டும், பட்டாசு கூடாது என்று பேசியாயிற்று. அக்கா மகனும் ஒத்துக்கொண்டான். கொள்ளு மூட்டையில் பாதியை விற்றும்விட்டான்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நெய்யைக் குறை, கஞ்சியைக் கூட்டு, கடைக்கு நடந்தே போய் நடந்தே வா, உட்காராதே. அடுத்த வாரம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ பார்சல் போடுகிறேன், எண்ணெய்க் கத்தரிக்காயாக இல்லாமல் வேறு எப்படியாவது செய்யச் சொல்.

அப்புறம், அந்தச் சலங்கை உன் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்று போன தடவை நீயே வாய் தவறிச் சொன்னாய். தை பிறப்பதற்குள் அனுப்பிவை.

இப்படிக்கு,
அன்று அடி வாங்கினவன்