முதலில் மாற்ற வேண்டியது ஸ்பீக்கர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை என்றதும் பலரும் ஆண்ட்ராய்டு டச் ஸ்கிரீனுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். குறை பெரும்பாலும் முன்கதவில் இருக்கும் மெல்லிய காகிதக் கூம்பு ஸ்பீக்கரில்தான். அந்த இரண்டை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

வாங்கும் முன் விட்டத்தோடு ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். காந்தம் பெரிதானால் இறக்கிய கண்ணாடி அதில் இடிக்கும். பெட்டியில் அச்சிட்ட 300 வாட்டை நம்பாதீர்கள். காரோடு வரும் கம்பெனி செட் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவதே (இதைத்தான் ஆர்எம்எஸ் என்பார்கள்) ஏறக்குறைய 15 முதல் 20 வாட்தான். எனவே சென்சிடிவிட்டி, அதாவது குறைந்த வாட்டிலேயே சத்தம் தரும் திறன், 90 டெசிபலுக்குக் குறையாத 4 ஓம் ஸ்பீக்கரே பொருத்தம்.

ஒயரை வெட்ட விடாதீர்கள். வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்கான கப்ளர், காருக்கேற்றபடி கடையில் கிடைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் எனும் அடித்தொனி காணாமல் போய்விடும். சந்தேகம் இருந்தால், செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கூம்பு வெளியே தள்ளும்.

மிச்சப் பணத்தில் கதவின் வெளித்தகட்டு உட்புறம் பியூட்டைல் ஷீட் எனும் ரப்பர் தாளை ஒட்டலாம், அதிர்வு அடங்கும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது; மழைத்தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சில கடைகளில் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் கதவு அட்டைக்குள் கசிந்துவிடும். திரும்ப ஒட்டச் சொல்லி, ஒட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

இப்படிக்கு,
கார் ஆடியோ பொருத்துநர்,
கோயம்புத்தூர்