பீல் அருங்காட்சியகத்தின் சிறு பறவைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பிலடெல்பியா பீல் அருங்காட்சியகக் கட்டுரையில் பாதிக்கு மேல் யானையைப் போன்ற, அழிந்துபோன மாஸ்டடான் என்ற விலங்கின் எலும்புக்கூடே அடைத்துக்கொண்டுவிட்டது. 1801-ல் தோண்டியெடுத்த அந்த ராட்சதம் கூட்டம் சேர்த்தது, சரி. ஆனால் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த பாடம் செய்த பறவைகளை ‘வேடிக்கைப் பொம்மைகள்’ என்று ஒரே வரியில் தள்ளியது நியாயமில்லை.

ஒரு பாடும் பறவையை மட்டும் சொல்கிறேன். மேற்கத்திய டானேஜர்: ஆணுக்கு மஞ்சள் உடல், கறுப்புச் சிறகு, சிவந்த தலை. அமெரிக்கக் கண்டத்தைக் கடந்த ஆய்வுப் பயணத்தின் தலைவர் மெரிவெதர் லூயிஸ், பசிபிக் கரையிலிருந்து திரும்பும் வழியில், 1806 ஜூனில், மலைப்பாதையில் பனி உருகக் காத்திருந்த நாட்களில் இதைத் தம் குறிப்பேட்டில் விவரித்தார். இன்று அந்த இடம் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது. படகிலும் குதிரையிலும் கண்டத்தைக் கடந்து பீல் அருங்காட்சியகத்துக்கு வந்த பறவைத் தோல்கள் நைந்துபோயிருந்தன. அதன் நிறுவனர் சார்லஸ் வில்சன் பீல் அவற்றை முடிந்த அளவு ஒப்பேற்றி நிறுத்தினார். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் பயன்படுத்துவதும், பெட்டியின் பின்புறத்தில் அந்தந்த உயிர் வாழும் இடத்தைத் தீட்டி வைப்பதும் அவர் வழக்கம். தொழில்முறை ஓவியர் அல்லவா!

ஸ்காட்லாந்தில் தறி நெய்து, பின்னர் அமெரிக்கப் பறவைகளை ஆராய்ந்த அலெக்சாண்டர் வில்சன், உயிரோடு இந்தப் பறவையைக் கண்டதே இல்லை. பீலிடம் இருந்த உடலைப் பார்த்துத்தான் வரைந்தார். 1811-ல் வந்த தம் அமெரிக்கப் பறவை நூலின் 3-ஆம் தொகுதியில் அதை விவரித்து, அறிவியல் பெயரும் சூட்டினார். பொம்மையை வைத்துச் செய்கிற வேலையா இது?

வில்சனுக்கு இன்னொரு நல்ல பழக்கம். பல பறவைகளுக்கு, பீல் அருங்காட்சியகத்தில் அதன் எண் என்ன என்பதையும் நூலில் குறித்துவிடுவார். அப்புறம் அதுவே கைகொடுத்தது. பீல் கேட்டும் அரசு நிதி கிடைக்கவில்லை. 25 சென்ட் நுழைவுக் கட்டணத்தை நம்பித்தான் பிழைப்பு. அவர் 1827-ல் இறந்தார். 1850 வாக்கில் சேகரிப்பை வேடிக்கைக் காட்சிகள் நடத்திய பி. டி. பார்னமும் பாஸ்டனில் அருங்காட்சியகம் வைத்திருந்த மோசஸ் கிம்பலும் பங்கு போட்டு வாங்கினார்கள். பார்னம் பங்கு தீக்கு இரையானது. கிம்பல் பங்கில் எஞ்சிய பறவைகள் கைமாறிக் கைமாறி, 1914-ல் ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு வந்தன. எது எந்தப் பறவை, எங்கே பிடித்தது என்ற விவரம் வழியிலேயே தொலைந்திருந்தது. வால்டர் ஃபேக்சன் என்ற அறிஞர் உட்கார்ந்து வில்சனின் படங்களோடும் குறிப்புகளோடும் ஒப்பிட்டு, அடையாளம் காண முடிந்தவற்றை 1915-ல் வெளியிட்டார். லூயிஸ் கொண்டுவந்ததாகக் கருதப்படும் ஒரு மரங்கொத்தி அங்கே இன்னும் இருக்கிறது. டானேஜருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வில்சனின் எழுத்தும் படமும்தான் மிச்சம்.

இன்னொன்று. மாஸ்டடான் ‘காணாமல் போனது’ என்று கட்டுரை சொல்கிறது. அது ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி