ராஞ்சோ: முகாமிலிருந்து பெரும் பண்ணை வரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலிபோர்னியா பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 'ராஞ்சோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் 'பெரும் பண்ணை' என்று பொருள் சொல்லி நிறுத்திக்கொண்டது. அந்தப் பொருள் அதற்குக் கடைசியில் ஒட்டியது.

வரிசையாக இடம்பிடித்து அமர்வதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையே இதன் மூலம். படைவீரர்கள் கூடித் தங்கும் இடம், பிறகு சேர்ந்து உண்ணும் சாப்பாடு என்று ஸ்பெயினில் பொருள் விரிந்தது. அர்ஜென்டினாவில் ராஞ்சோ என்றால் எளிய குடிசை. மாட்டுப்பண்ணைக்கு அங்கே 'எஸ்தான்சியா' என்று பெயர். மெக்சிகோவில் அது சிறு பண்ணை. பெரிய எஸ்டேட்தான் 'அசியெண்டா'.

கலிபோர்னியாவில் மட்டும் ராஞ்சோ பிரம்மாண்டமானது. அப்போது அதை ஆண்ட மெக்சிகோவின் 1824 சட்டப்படி ஒருவருக்கு 11 சதுர லீக் வரை நிலம் தரலாம். ஒரு சதுர லீக் சுமார் 4,400 ஏக்கர். கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய 'மிஷன்' குடியிருப்புகளைக் கலைக்கும் சட்டம் 1833இல் வந்தபின் நில மானியங்கள் குவிந்தன. மிஷன் நிலத்தில் பாதியாவது பூர்வகுடிகளுக்கு என்ற வாக்குறுதி காற்றில் போனது. அவர்களே ராஞ்சோக்களில் கூலிகளானார்கள். கட்டுரை இதைத் தொடாமல் போனது பெருங்குறை.

அளந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 50 வாரா நீளக் கயிறு. ஒரு வாரா சுமார் 33 அங்குலம். கயிற்றின் இரு முனையிலும் முளைக்குச்சி, ஆளுக்கொன்றாகப் பிடித்த இரு குதிரைவீரர்கள். ஒருவர் குச்சியை ஊன்றி நிற்க, மற்றவர் கயிறு விறைக்கும்வரை குதிரையை விடுவார். இப்படி 100 முறை போனால் ஒரு லீக். தோல்கயிறு பனியில் நனைந்தால் நீளும், வெயிலில் சுருங்கும், மேடுபள்ளத்தில் கண்மதிப்புதான். எல்லைக்கல்லாக ஓக் மரமோ ஓடையோ மாட்டுமண்டையோ இருக்கும். 'தீசெனோ' என்ற கைவரைபடத்தில் பல சமயம் அளவுகோலே இராது. பத்திரத்திலும் 'ஏறக்குறைய' என்றே எழுதுவார்கள்.

நிலம் மலிந்து, அண்டைவீட்டார் குறைந்திருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. 1848இல் கலிபோர்னியா அமெரிக்கா வசமாயிற்று. 1851 சட்டம் உரிமையை நிரூபிக்கும் பொறுப்பை நிலக்காரர் தலையில் வைத்தது. 813 மனுக்கள் வந்தன. இறுதிப் பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. அதற்குள் வக்கீல் கட்டணத்துக்கும் வட்டிக்கும் நிலத்தையே எழுதிக்கொடுத்தவர்கள் ஏராளம்.

அந்தக் கைவரைபடங்கள் பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகத்தில் உள்ளன. கட்டுரையின் அடுத்த பகுதியில் ஒன்றையாவது வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர், திருச்சி